பிள்ளை இன்னும் நடக்கலையே!

தவழும், நடக்கும், ஓடும் பிள்ளைகளைப் பற்றி ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பதில் சொல்பவர்கள் ஒரு குழந்தை மருத்துவரும் ஒரு பிசியோதெரபிஸ்டும். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பாம்பனிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்குப் பதினாலு மாதம் முடிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறான். நாத்தனார் பிள்ளை பத்து மாதத்திலேயே நடந்ததாம். வாக்கர் வாங்கிப் போட்டால் சீக்கிரம் நடந்துவிடுவான் என்கிறார் மாமியார். வாங்கலாமா?

பதில்: வாக்கர் வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம், முதலில் பையனைப் பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதில் குழந்தைகள் தனியாக நடந்த வயது 8.2 மாதம் தொடங்கி 17.6 மாதம் வரை பரவிக் கிடந்தது. நாத்தனார் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும், பிள்ளையை நடந்து வா என்று அழைக்கும் ‘வருகைப் பருவ’த்தைப் பதின்மூன்றாம் மாதத்தில்தான் வைத்தார்கள், பத்தாம் மாதத்தில் அல்ல.

மாதக் கணக்கைவிட அவன் எப்படி நிற்கிறான் என்பதுதான் எங்களுக்கு அதிகம் சொல்லும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் பிடித்த பொருள் ஒன்றை வையுங்கள். தானாக எழுந்து நிற்கிறானா? ஒரு கையால் பிடித்தபடி குனிந்து, தரையில் கிடப்பதை மறு கையால் எடுத்துவிட்டு நிமிர்கிறானா? எப்போதும் ஒரே பக்கம் போகாமல், சுவரைப் பிடித்து வலப்பக்கமும் இடப்பக்கமும் போகிறானா? நிற்கும்போது இரண்டு குதிகாலும் தரையில் படிகிறதா? நாலுக்கும் ‘ஆமாம்’ என்றால் பதினெட்டு மாதம் முடியும்வரை நிம்மதியாக இருங்கள். விட்டதும் பொத்தென்று உட்காருவதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி இறங்கத் தெரிந்திருக்கிறது, மரக்கட்டைபோல் சாயவில்லை.

பழக்க வேண்டுமென்றால் இரண்டு நாற்காலிகளை ஒரு கை நீள இடைவெளியில் எதிரெதிராகப் போடுங்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவட்டும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை அரை அடி தள்ளிவையுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நடத்தாதீர்கள். அப்படிச் செய்தால் பிள்ளை நுனிக்காலில் எம்பி முன்னால் தொங்குமே தவிர, தன் எடையைத் தானே தாங்கப் பழகாது. பிடித்தே ஆகவேண்டும் என்றால் பின்னாலிருந்து இடுப்பில் பிடியுங்கள். வீட்டுக்குள் செருப்பு, சாக்ஸ் எதுவும் வேண்டாம். உப்புக் காற்று பட்டு டைல்ஸ் தரை பிசுபிசுத்துக் கிடக்கும் நேரத்தில் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கோரைப்பாயும் டைல்ஸ் மேல் வழுக்கும்.

இனி வாக்கர். அதில் பிள்ளையின் எடையைத் துணி இருக்கை தாங்குகிறது. கால்விரல் நுனியால் தரையை உந்தினாலே போதும், உருண்டு ஓடும். தன் பாதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. சாயவும் முடியாது, சாய்ந்ததைச் சரிசெய்யவும் முடியாது. நடை என்பதே சாய்வதும் சரிசெய்வதும்தான். அதனால் நடை வருவது தள்ளிப்போகுமே தவிர முந்தாது. ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் ஓடிவிடும் என்பதால் வாசல்படி, அடுப்பு, சுடுதண்ணீர்ப் பாத்திரம் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. கனடா 2004-ல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

ஆனால் திருவிழாக் கடைகளில் விற்கும் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு ஜாதி. அதைப் பிடித்துப் பிள்ளை தானே எழ வேண்டும், தன் எடையைத் தானே தாங்க வேண்டும். கைப்பிடி தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வரும் உயரத்தில் வாங்குங்கள். வண்டி லேசாக இருந்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். இரண்டு கிலோ மணலைத் துணிப்பையில் கட்டி, முன்சக்கரத்தின் மேல் வரும் கட்டையில் தொங்கவிட்டால் வேகம் அடங்கும். மாமியாரிடம் வாக்கருக்குப் பதில் இதைக் கேளுங்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி: பாசி எடுக்கப் போகும் நாளெல்லாம் மகள் என் அம்மாவிடம்தான் இருப்பாள். எட்டு மாதமாகிறது, இன்னும் உட்கார வரவில்லை. பகலில் பெரும்பாலும் சேலைத் தொட்டிலில்தான் கிடக்கிறாள்.

பதில்: தொட்டிலைத் தூங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் பிள்ளைக்கு அது ஒரு பைதான். உள்ளே உடம்பு வளைந்தே கிடக்கும். கையை ஊன்ற இடமில்லை, புரள வழியில்லை. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் சொல்லும் செங்கீரை ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலை நிமிர்த்தி ஆடுவது. முதுகும் தோளும் அங்கேதான் பலப்படுகின்றன, அதற்குத் தரை வேண்டும்.

பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் பிள்ளையைத் தனக்கு முதுகு காட்டி உட்காரவைக்கட்டும். முதலில் பிள்ளையின் இரண்டு கையும் முன்னால் தரையில் ஊன்றியிருக்கும். விளையாட்டுச் சாமானை முன்னால் வையுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்துக் கொஞ்சம் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு ஆறு தடவை. இது போக, விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பால் குடித்த கையோடு வேண்டாம், கக்கிவிடுவாள்.

பிடிப்பில்லாமல் உட்காருவதற்கு உலக சுகாதார நிறுவனக் கணக்கில் கடைசி எல்லை 9.2 மாதம். ஒன்பது மாதம் முடிந்தும் உட்காரவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. கழுத்து இன்னும் நிற்கவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் ஈரத் துணிபோல் வழுக்கி நழுவுகிறாள். அல்லது கால் இரண்டும் விறைத்துக் கத்தரிக்கோல்போல் குறுக்கே பின்னிக்கொள்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போக வேண்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்: பெண்ணுக்குப் பதினொரு மாதம். எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் வாங்குகிறாள். தவழும்போது இடது கால் இழுபடுகிறது. உரம் (சுளுக்கு) விழுந்திருக்கிறது என்று இரண்டு முறை துணியில் உருட்டி உரம் எடுத்துவிட்டோம். மாமியார் ‘சோத்துக்கைப் பழக்கம் இப்பவே வந்துருச்சு’ என்று சந்தோஷப்படுகிறார்.

பதில்: அம்மா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நாங்கள் முதலில் பிரித்து வைத்தது உங்களுடையதைத்தான். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு வலக்கை இடக்கை என்ற பேதமே கிடையாது. இரண்டையும் மாற்றி மாற்றித்தான் நீட்டும். இவ்வளவு சின்ன வயதில் ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறாள் என்றால் மற்றக் கை வரவில்லை என்றுதான் பொருள். அதே பக்கத்துக் காலும் இழுபடுவதால் மூளையின் வலப்பாதியில், பிறப்பதற்கு முன்போ பிறந்த சமயத்திலோ, ஏதாவது பாதிப்பு ஏற்பட்டதா என்று பார்த்தாக வேண்டும். இடது கை பெரும்பாலும் முஷ்டியாக மூடி, கட்டைவிரல் உள்ளே மடங்கியே இருக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உரம் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். துணியில் போட்டு உருட்டுவதால் இது சரியாகாது, கழுத்துக்கு ஆபத்து. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். ஆனால் அந்த ஸ்கேன் வரும்வரை பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ளும் வேகம் பிறகு இருப்பதில்லை. நல்ல கையைச் சிறிது நேரம் உறையிட்டு வைத்து, வராத கையை வேலை வாங்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அதற்கு நேரக் கணக்கு உண்டு, தெரபிஸ்ட் சொல்லாமல் நீங்களாகக் கட்டக் கூடாது. நீங்கள் இப்போதே செய்யக்கூடியது, எந்தப் பொருளையும் இடப்பக்கத்திலிருந்து நீட்டுவது. பெரிய பந்து, சொம்பு என்று இரண்டு கையும் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற சாமான்களைக் கொடுங்கள்.

கீழக்கரையிலிருந்து: முப்பத்திரண்டு வாரத்தில் பிறந்த பையன், இப்போது பதினேழு மாதம். பிடித்து நடக்கிறான். உம்மா, லாத்தா எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: 40-லிருந்து 32-ஐக் கழித்தால் 8 வாரம், கிட்டத்தட்ட 2 மாதம். ஆகவே வளர்ச்சிக் கணக்குக்கு அவன் வயது 15 மாதம்தான். இரண்டு வயது முடியும்வரை இப்படிக் கழித்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான். ஒரு எச்சரிக்கை: குறைமாதப் பிள்ளைகளுக்குக் கால் விறைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். விறைப்பு, நுனிக்கால், ஒருபக்கச் சாய்வு இருந்தால் கழித்தல் கணக்கைக் காட்டிச் சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

ஏர்வாடியிலிருந்து ஒரு தந்தை: மகளுக்குப் பத்தொன்பது மாதம், நடக்கவில்லை. பேச்சும் புத்தியும் நன்றாக இருக்கின்றன. கடற்கரை மணலில் இடுப்பளவு குழி தோண்டித் தினமும் நிற்கவைத்தால் கால் உறுதிப்படும் என்கிறார் என் பாட்டி. செய்யலாமா?

பதில்: பாட்டி சொல்வதில் பாதி சரி. எடை தாங்கி நிற்பது எலும்புக்கும் இடுப்பு மூட்டுக்கும் நல்லது. தானாக நிற்க முடியாத பிள்ளைகளை மரச் சட்டத்தில் தினமும் நிறுத்துவது பிசியோதெரபியிலும் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்து, தொடை சற்று விரிந்து, பாதம் தட்டையாகப் படியும்படி செய்கிறோம். குழியில் பாதம் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மணல்தான் உடம்பைத் தாங்குமே தவிர, பிள்ளையின் தசை வேலை செய்யாது. ஈர மணல் இறுகிப் பிள்ளை பயந்துபோவதும் உண்டு. இதையெல்லாம்விடப் பெரிய நஷ்டம், குழியை நம்பி ஆறு மாதம் கடத்திவிடுவது.

பதினெட்டு மாதம் தாண்டியும் நடக்காத பிள்ளையைக் கட்டாயம் ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். அதில் பலருக்கு எந்த நோயும் இருக்காது. உட்கார்ந்தபடியே பிட்டத்தைத் தேய்த்து நகரும் பிள்ளைகள் நடக்கவே தாமதமாகும், சில குடும்பங்களில் அது வழிவழியாகவும் வரும். ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் போனால் எதைத் தேடுவார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது. முதலில் இடுப்பு மூட்டு. பிள்ளையை மல்லாத்தி, இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதங்களை ஒரே வரிசையில் தரையில் வையுங்கள். ஒரு முழங்கால் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தாலோ, ஒரு தொடையை மற்றதுபோல் வெளியே விரிக்க முடியவில்லை என்றாலோ இடுப்பு மூட்டு கிண்ணத்திலிருந்து விலகியிருக்கலாம். பெண் குழந்தை, தலைக்குப் பதில் பிட்டம் முன்னால் வந்த பிரசவம், குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, இந்த மூன்றும் இதற்கான வாய்ப்பைக் கூட்டும். இந்த வயதில் ஓர் எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். வலி இருக்காது என்பதால்தான் இது தப்பிவிடுகிறது. ஆறு மாதத்துக்குள் கண்டால் வார்ப்பட்டியோடு சரியாகக்கூடியது, ஒன்றரை வயதுக்கு மேல் அறுவை சிகிச்சை வரை போகலாம். (கைக்குழந்தையின் காலை நேராக நீட்டி இறுக்கித் துணி சுற்றுவது இந்த மூட்டுக்குக் கெடுதல். நம் பெண்கள் இடுப்பில் காலை விரித்து உட்காரவைத்துத் தூக்குகிறார்களே, அது மிக நல்லது.)

அடுத்தது ரத்தம்: இரும்புச்சத்து, தைராய்டு, தசை நொதியான சி.பி.கே., வைட்டமின் டி. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரத்துக்கு இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் தருவது அரசுத் திட்டம். 1 மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோறு இறங்காது, இரும்பும் சேராது. டீ கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள், இரும்பை உடம்பில் ஏறவிடாமல் பிடித்துவைப்பது அதுதான்.

தேவிபட்டினத்திலிருந்து: இருபது மாதப் பையனுக்குக் கால் வில்போல் வளைந்திருக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் வைட்டமின் டி குறையுமா?

பதில்: குறையும், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். சூடு என்று பிள்ளையை உள்ளேயே வைத்திருப்பது, வெளியே போனால் முழுக்க மூடுவது, தாய்க்கே டி குறைவாக இருப்பது, இவையெல்லாம் சேர்ந்துகொள்ளும். தாய்ப்பாலில் டி மிகக் குறைவு. அதனால்தான் பிறந்தது முதல் ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து சொல்கிறோம்.

ஆனால் எல்லா வளைவும் நோயல்ல. நடக்கத் தொடங்கும்போது கால் வெளிப்பக்கம் வளைந்திருப்பது இயல்பு, இரண்டு வயதுவாக்கில் நேராகும். மூன்று நாலு வயதில் நேர்மாறாக முழங்கால் இரண்டும் முட்டிக்கொள்ளும், ஏழு வயதுக்குள் அதுவும் சரியாகும். பையனைப் படுக்கவைத்துக் கணுக்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். மாதம் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். குறைந்துகொண்டே வந்தால் விட்டுவிடலாம். கூடுகிறது, ஒரு கால் மட்டும் வளைகிறது, மணிக்கட்டு வளையல் போட்டதுபோல் தடித்திருக்கிறது, பல் முளைக்கத் தாமதம், நடக்கத் தாமதம் என்றால் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் தேவை.

சொட்டு மருந்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ஒரு கம்பெனி மருந்தில் 1 மில்லிக்கு 400 யூனிட், இன்னொன்றில் 800 யூனிட். பழைய பாட்டில் தீர்ந்து புது பாட்டில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், அந்தப் பாட்டிலோடு வந்த குழாயையே பயன்படுத்துங்கள். அளவு மீறினால் வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகும். உங்கள் கரையில் கிடைக்கும் சாளை மீனில் இயற்கையாகவே டி உண்டு. முள் நீக்கிப் பிசைந்து கொடுங்கள்.

இனி ஒரு வரிக் கேள்விகள் சில.

நுனிக்காலில் நடக்கிறாள், வயது இரண்டு: சொன்னால் குதிகாலை ஊன்ற முடிகிறதென்றால் மூன்று வயது வரை பார்க்கலாம். ஊன்றவே முடியவில்லை, கெண்டைக்கால் இறுகியிருக்கிறது, அல்லது பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் இப்போதே காட்டுங்கள்.

பீப்பீ செருப்பு போடலாமா: ஐந்து நிமிட வேடிக்கைக்குப் போடலாம், நடை பழக அல்ல. சத்தம் வருவதற்காகப் பிள்ளை குதிகாலைக் குத்திக் குத்தி வைக்கும்.

தட்டைப் பாதம்: நடை பழகும் வயதில் எல்லாருக்கும் தட்டைதான்.

தவழாமலே நடந்துவிட்டான்: நடக்கட்டும். முன்னே சொன்ன 2006 கணக்கிலேயே நூற்றுக்கு நாலு பேர் கை முட்டி ஊன்றித் தவழவில்லை.

ஓயாமல் விழுகிறான், வயது பதினைந்து மாதம்: நியூயார்க்கில் 12 முதல் 19 மாதப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 எட்டுகள் வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். உங்கள் பையன் கணக்குத் தப்பவில்லை.

திருப்பாலைக்குடியிலிருந்து ஓர் அங்கன்வாடிப் பணியாளர்: இரண்டிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லாரும் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். அதற்குப் பிறகு எதைப் பார்த்து ‘இந்தப் பிள்ளையை அனுப்பணும்’ என்று முடிவெடுப்பது?

பதில்: கேட்க வேண்டிய ஆள் கேட்டிருக்கிறீர்கள். நடந்துவிட்டான் என்றதும் எல்லாரும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வயதில் ஓட வேண்டும். பந்தை உதைக்க வேண்டும், உதைக்கிற நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறதல்லவா. கையைப் பிடித்தபடி படியேற வேண்டும், ஒரு படியில் இரண்டு காலும் வைத்தே ஏறினாலும் சரி. இரண்டரை வயதில் இரண்டு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பிக் குதிக்க வேண்டும். மூன்று வயதில் ஒரு படிக்கு ஒரு காலாக மாற்றி ஏற வேண்டும், இறங்குவது அப்படி வர நாலு வயதாகும். மூன்று சக்கர சைக்கிள் மிதிப்பதும் மூன்று வயதில்தான். சைக்கிளே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள்.

விளையாட்டுக்குச் சாமான் தேடி அலைய வேண்டாம். சாக்பீஸ் கோட்டின் மேல் நடப்பது, தரையில் கிடக்கும் கயிற்றைத் தாண்டிக் குதிப்பது போதும். நுங்கு சீசனில் குடைந்த கூந்தல் (நுங்கெடுத்த காய்) இரண்டைக் குச்சியில் கோத்து நுங்கு வண்டி செய்து கொடுத்தால், மூன்று வயதுப் பிள்ளை தள்ளிக்கொண்டே ஓடித் திரும்பப் பழகிவிடும். குச்சியின் கூர்முனையை மட்டும் மழுக்கிவிடுங்கள். மணலில் விடுவதென்றால், புதிதாக நடப்பவர்களைத் தண்ணீர் ஓரத்து இறுகிய மணலில் விடுங்கள். புதையும் உலர்மணல் ஓடத் தெரிந்தவர்களுக்கு. காலை எட்டு மணிக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். நடுப்பகல் மணல் உள்ளங்காலைப் பொசுக்கிவிடும்.

எந்த வயதானாலும், போன மாதம் செய்ததை இந்த மாதம் செய்யாத பிள்ளையை அன்றே அனுப்புங்கள். தாமதமாக வருவது வேறு, வந்தது போவது வேறு.

தொண்டியிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு மூன்றரை வயது. கெண்டைக்கால் நன்றாகத் திரண்டிருக்கிறது, ‘கடலுக்குப் போற காலு’ என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். ஆனால் ஓட மாட்டேன் என்கிறான், அடிக்கடி விழுகிறான். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறுகிறான். காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தபோது ஈரல் நொதி கூடுதல் என்று மருந்து தந்தார்கள். நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், அதனாலா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் விவரிப்பைப் போலவே இருக்கிறது. தொடையில் கை வைத்துத் தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் எழுவது, இடுப்புத் தசை பலவீனத்தின் அடையாளம். திரண்ட கெண்டைக்கால் பலத்தால் அல்ல. தசை கெட்டுப்போன இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்புவதால். டூஷேன் என்ற தசைச் சிதைவு நோயா என்று உடனே பார்க்க வேண்டும்.

முதல் பரிசோதனை எளிது, சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை. சாதாரணமாகச் சில நூறுக்குள் இருப்பது இந்த நோயில் பல ஆயிரத்துக்குப் போகும். ஈரல் நொதி என்று சொன்னார்களே, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் தசையிலும் இருப்பவை. தசை கெட்டாலும் கூடும். ஈரல் ஸ்கேன் எடுத்துக்கொண்டே காலம் கடத்தப்பட்ட பிள்ளைகள் நிறைய. சி.பி.கே. கூடுதலாக இருந்தால் அடுத்தது மரபணுப் பரிசோதனை.

சொந்தத்தில் கல்யாணம் செய்தது இதற்குக் காரணமல்ல. சொந்தத்தில் மணந்தால் வாய்ப்புக் கூடும் தசை, நரம்பு நோய்கள் வேறு உண்டு. இது தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது, அல்லது மூன்றில் ஒரு பங்குபேருக்குப் புதிதாகத் தோன்றுவது. உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை மகன்கள் யாருக்காவது இப்படி நடை நின்றுபோனதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை அவசியம். அதுவரை, பலப்படுத்துகிறேன் என்று படியேற்றி இறக்கிக் கடும்பயிற்சி கொடுக்காதீர்கள், பலவீனத் தசை மேலும் கிழியும். முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் சரியான வயதில் தொடங்கும் ஸ்டீராய்டும் பிசியோதெரபியும் நடக்கும் காலத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டுகின்றன.

சாயல்குடிப் பக்கத்திலிருந்து: பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், வீடு கடலோரம். என்னென்ன முன்னேற்பாடு?

பதில்: கடலைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள், வீட்டுக்குள் இருக்கும் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். லாரித் தண்ணீரை வாளியிலும் அண்டாவிலும் டிரம்மிலும் பிடித்துவைக்கும் வீடுகள் உங்கள் பக்கம். இந்த வயதில் பிள்ளைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்தால் தலைகீழாகக் கவிழும், நிமிர வலு இருக்காது, சத்தமும் வராது. ஐந்து செ.மீ. தண்ணீரே போதும். பாதி நிறைந்த வாளியும் ஆபத்துதான், கவிழாமல் உறுதியாக நிற்கும். டிரம்முக்கு மூடி போட்டுக் கயிறு கட்டுங்கள். காலி வாளியைக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவுக்கு உயரத்தில் கொண்டி போடுங்கள்.

வலை பின்னும் இடத்தில் ஈயக்குண்டும் தூண்டில் முள்ளும் சிந்திக் கிடக்கும். ஈயம் வாயில் போனால் அடைப்பது மட்டுமல்ல, விஷம். குண்டு உருக்கி வார்க்கும் வேலை பிள்ளை இருக்கும் வீட்டில் நடக்கவே கூடாது. மண்ணெண்ணெய், டீசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு தந்தை: எங்கே காட்டுவது? போனால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள்.

பதில்: தாய் சேய் நல அட்டையில் எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற படங்கள் இருக்கின்றன. முதலில் அதில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற 2013-ம் ஆண்டு அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும், வரும் நாளைக் கேட்டுவையுங்கள். சந்தேகமிருந்தால் அவர்களே சீட்டு எழுதி, மாவட்ட அளவில் குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் சேர்ந்து பார்க்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். செலவு இல்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு நேராகவும் போகலாம்.

மருத்துவமனையில் பிள்ளை அழும், அம்மா மடியை விட்டு இறங்காது. இரண்டு நிமிடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆகவே வீட்டிலேயே செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஜட்டியோடு, வெறுங்காலோடு. கேமரா பிள்ளையின் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். முன்னாலிருந்து நடந்து வருவது, பின்னாலிருந்து போவது, பக்கவாட்டில் நடப்பது, மல்லாந்து படுத்திருந்து எழுந்து நிற்பது, குனிந்து பொருள் எடுப்பது, படி ஏறுவது. ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். நடக்காத பிள்ளை என்றால் உட்காருவது, தவழ்வது, பிடித்து எழுவது. ‘போகப் போகச் சரியாகும்’ என்று மறுபடி சொன்னால், ‘எந்தத் தேதிக்குள் சரியாக வேண்டும், ஆகாவிட்டால் அடுத்து என்ன பரிசோதனை?’ என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.